ஹேமனைப் பற்றி ஒப்படை எழுதப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

நாடகமும் அரங்கியலும் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் எனக்கு ஒரு ஒப்படை கிடைத்தது. செவ்வியல் நாடகம் ஒன்றில் வரும் மனம் குழம்பிய இளைஞன் ஒருவனைத் தெரிவுசெய்து, அவனைப் பாத்திரப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். நான் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோகிளீஸின் ‘அன்ரிகனி’யில் வரும் ஹேமனை எடுத்தேன். ஒரே ஒரு காட்சிக்குத்தான் மேடைக்கு வருகிறான், அதனால் வேலை சுகம் என்று நினைத்தேன். முதல் பிரதி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதுக்குத்தான் புள்ளி கிடைத்தது. இடையில் ஆறு கிழமை போய்விட்டது. வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்குப் போட்டோக்கொப்பிக்காக அலைந்த பஸ் காசு வேறு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு மட்டும்: தீப்ஸ் நகரத்தில் அண்ணன் தம்பி இருவர் ஆட்சிக்காக மோதி, ஒருவர் கையால் ஒருவர் செத்துப்போகிறார்கள். புதிதாக அரசனான கிரெயோன், அந்த இருவரில் படையோடு வந்த பொலினிகேஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்று கட்டளை போடுகிறான். தங்கை அன்ரிகனி மண் போடுகிறாள், பிடிபடுகிறாள், மரண தண்டனை. ஹேமன் கிரெயோனின் மகன். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையும் அவன்தான்.

1. சரியான நாடகம்தானா என்று பாருங்கள்

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ‘அன்ரிகனி’ என்ற பெயரில் இரண்டு நாடகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று கி.மு. 441 அளவில் சோபோகிளீஸ் எழுதியது. மற்றது பிரெஞ்சு நாடகாசிரியர் ஜோன் அனூயி எழுதி 1944இல் பாரிசில் மேடையேறியது. அனூயியின் நாடகத்தில் ஹேமனும் அன்ரிகனியும் ஒன்றாக இருந்து பேசும் காட்சி உண்டு. சோபோகிளீஸில் இருவரும் உயிரோடு ஒரே நேரத்தில் மேடையில் சந்திப்பதே இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு ரியூட்டில் (ரியூசன் வகுப்புக் குறிப்பில்) இந்த இரண்டையும் கலந்து எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் ‘காதலர்கள் பிரியாவிடை பெறும் காட்சி’ என்று என் முதல் பிரதியில் எழுதினேன். பக்கத்தில் ‘எந்த நாடகத்தில்?’ என்று மட்டும் குறிப்பு வந்தது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு பிரதிகள். ஒன்று, வரி எண் போட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. பேர்சியஸ் மின்னூலகத்தில் ரிச்சர்ட் ஜெப் செய்த பழைய மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழசு, ஆனால் வரி எண்ணுக்கு நம்பலாம். மற்றது, தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று. பொதுநூலகத்தில் கேளுங்கள், ‘நூலகம்’ (noolaham.org) என்ற மின்னூலகத் தளத்திலும் தேடுங்கள். தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்: அன்ரிகனி, அன்ரிக்கனி, அந்திகோனே, ஆண்டிகனி. ஒரு எழுத்துப் பிழைத்தால் புத்தகம் இருந்தும் வராது.

எடுத்த தமிழ்ப் புத்தகத்தின் உள்பக்கத்தில் ‘மொழிபெயர்ப்பு’ என்று இருக்கிறதா, ‘தழுவல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தழுவல் என்றால் அதை மேற்கோளுக்கு எடுக்கக்கூடாது.

2. ஹேமன் இருக்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுங்கள்

நாடகம் முழுவதும் 1,353 வரி. ஹேமன் மேடையில் நிற்பது ஏறத்தாழ 630ஆம் வரியிலிருந்து 765ஆம் வரி வரை, அவ்வளவுதான். அதற்கு முன்பு 570 அளவில் அவன் பெயர் பேச்சில் வருகிறது. அவன் போன பிறகு கோரஸ் (பாடகர் குழு) காதலைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறது. 1,175க்குப் பிறகு தூதுவன் அவன் செத்த கதையைச் சொல்கிறான். இந்த நான்கு பகுதியையும் தனித்தனித் தாளில் அச்செடுத்து வையுங்கள். முழு நாடகத்தையும் வாசிக்கத்தான் வேண்டும், ஆனால் மேசையில் கிடக்க வேண்டியது இந்தத் தாள்கள்.

3. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘யார் சொன்னது’ என்று எழுதுங்கள்

ஹேமன் காதலுக்காகச் செத்தவன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த மட்டைக் கொப்பியில்) இரண்டு நிரல் போட்டு, ஒரு பக்கம் ஹேமன் தன் வாயால் சொன்னது, மறு பக்கம் அவனைப் பற்றி மற்றவர்கள் சொன்னது என்று பிரித்தேன். காதல் என்ற பேச்சு முழுவதும் இரண்டாவது நிரலிலேயே விழுந்தது. கோரஸ் சொல்கிறது, தூதுவன் சொல்கிறான், கிரெயோன் ஏளனமாகச் சொல்கிறான். ஹேமன் தன் வாயால் ஒரு தடவைகூட அவளை விரும்புகிறேன் என்று சொல்லவில்லை. அவன் முதல் வாய் திறந்து சொல்வது, ‘அப்பா, நான் உங்களுடையவன்’ என்பதுதான்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. 572ஆம் வரியில், ‘அன்பான ஹேமனே, உன் தகப்பன் உன்னை எப்படி அவமதிக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது அன்ரிகனியின் சகோதரி இஸ்மீனின் வசனம். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சிலர் அதை அன்ரிகனிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு புத்தகத்தில் அவள் பெயரிலும் இன்னொன்றில் இவள் பெயரிலும் இருக்கும். அன்ரிகனியின் காதலுக்குச் சான்றாக இந்த ஒரு வரியை மட்டும் காட்டினால், திருத்துகிறவர் கையில் மற்றப் பதிப்பு இருந்தால் உங்கள் வாதம் அதோடு முடிந்தது. ‘சில பதிப்புகளில்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

ஊர்ச் சனம் அவளுக்காக அழுகிறது, அவள் பொன்னால் போற்றப்பட வேண்டியவள் என்று ஹேமன் சொல்லும் இடத்தையும் கவனியுங்கள். அது அவனுடைய சொந்தக் கருத்தாக வரவில்லை. ‘உங்கள் கண்ணுக்குப் பயந்து உங்கள் முன்னால் சனம் இதைப் பேசாது, இருட்டில் பேசுவதை நான் கேட்கிறேன்’ என்றுதான் சொல்கிறான். தகப்பனிடம் நேரே சொல்ல முடியாததை ஊரின் வாயில் வைத்துச் சொல்கிற மகன். அவனுடைய மனக் குழப்பம் முதலில் தெரியும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

4. உறவுமுறையை நம்முடைய சொல்லில் எழுதிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் வாசித்தால் இது பிடிபடாது. அன்ரிகனியின் தாய் யொகாஸ்தா, கிரெயோனின் கூடப் பிறந்தவள். அப்படியென்றால் கிரெயோன் அன்ரிகனிக்குத் தாய்மாமன். ஹேமனுக்கு அவள் மச்சாள், முறைப்பெண். இதை எழுதிய உடனே எனக்கு நாடகம் வேறு மாதிரித் தெரிந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு முன்னுக்கு நின்று எல்லாம் செய்து வைக்க வேண்டிய மாமன்தான் அவளை உயிரோடு குகைக்குள் அடைக்கச் சொல்கிறான். அந்த மாமனின் மகன் நடுவில் நிற்கிறான்.

ஆனால் அளவோடு. கிரேக்கர்களிடம் நம்முடைய தாய்மாமன் சடங்கு இருந்தது போல எழுதிவிடாதீர்கள். உறவைக் காட்ட ஒரு வசனம் போதும்.

இன்னொன்று. ஹேமன் மேடைக்கு வரும்போது கோரஸ் அவனை ‘உன் பிள்ளைகளில் கடைசியானவன்’ என்று அறிமுகம் செய்கிறது. நம் கூத்தில் வரவுப் பாட்டு என்ன வேலை செய்யுமோ அந்த வேலையை இந்த வரி செய்கிறது. மூத்தவன் மெகாரியஸ் முன்பே இறந்தவன் என்பது நாடகம் முடியும் தறுவாயில்தான், தாய் யூரிடிகே சாகும் இடத்தில், தெரியவரும். முதல் வாசிப்பில் இது தவறிவிடும். ஆகவே கிரெயோனுக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன் இவன். அந்த விவரத்தோடு திரும்பிப் போய்க் காட்சியை வாசியுங்கள்.

5. தகப்பன் மகன் காட்சியைச் சத்தமாக வாசியுங்கள்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். நான் இரண்டு பிரதி எழுதிய பிறகுதான் இதைச் செய்தேன், மூன்றாவது பிரதி இதிலிருந்துதான் வந்தது.

முதலில் அளவைப் பாருங்கள். கிரெயோன் நாற்பத்திரண்டு வரி பேசுகிறான். ஹேமன் நாற்பத்தொரு வரியில் பதில் சொல்கிறான். தராசில் வைத்தது போல. அதன்பிறகு அப்படியே உடைந்து, ஒரு வரிக்கு ஒரு வரி என்று வாய்த்தர்க்கமாக மாறுகிறது. நீளமாகப் பேசும்வரை இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டாவது நின்றார்கள்.

என்னோடு வாசிக்க வீட்டில் ஆள் இல்லை. அப்பாவைக் கேட்டேன். வயலால் வந்து கால் கழுவிவிட்டுத் திண்ணையில் இருந்தவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரெயோனின் தாளை வாங்கினார். சொல்லுக் கேட்கும் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் மனிதர் வேண்டிக்கொள்கிறார்கள் என்ற பகுதியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் என் பகுதியை வாசித்தேன். மாரி வெள்ளம் வரும்போது ஆற்றோர மரங்களில் வளைந்து கொடுப்பவை கொப்போடு தப்பும், விறைத்து நிற்பவை வேரோடு போகும் என்று ஹேமன் சொல்லும் இடம் வந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கனகராயன் ஆற்றோரம் நாங்கள் பார்த்ததுதான் அது. அப்பா தாளிலிருந்து கண்ணை எடுத்து, ‘ஓம், சரியாத்தான் சொல்லுறான்’ என்றார்.

தர்க்கம் தொடங்கியதும் அவருடைய குரல் மாறிவிட்டது. ‘இந்த வயதில் இவனிடம் நான் புத்தி கேட்க வேண்டுமா’ என்ற வசனத்தை வாசிக்க அவருக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: ‘இவன் நியாயமாத்தானே கதைக்கிறான், ஏன் இந்த மனிசன் கேக்கேல்ல?’ கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: ‘ஆனா வாசிக்கேக்க எனக்கும் கோபம் வருது. அவன் சொல்லுறது எல்லாம் சரியா இருக்கிறதாலதான் வருது.’

அதற்கு மேல் எந்த விளக்கவுரையும் எனக்குத் தேவைப்படவில்லை. ஹேமன் ஒரு கலகக்காரனாக வரவில்லை, காதலனாகவும் வாதாடவில்லை. தகப்பனைக் காப்பாற்ற வந்த மகன். ‘உன் பேச்செல்லாம் அவளுக்காக’ என்று கிரெயோன் சொல்லும்போது, ‘உங்களுக்காகவும் எனக்காகவும் கீழுலகத் தெய்வங்களுக்காகவும்’ என்று திருப்பிச் சொல்கிறான். என் ஒப்படையின் மையக் கருத்து இந்த வரியிலிருந்து வந்தது. உங்களுக்கு வேறு வரி கிடைக்கலாம், ஆனால் ஒரு வரியாவது கையில் வேண்டும்.

இந்தக் காட்சியில் உவமைகளையும் பாருங்கள். சற்று நேரம் முன்புதான் கிரெயோன் அன்ரிகனியைப் பற்றி, கடுமையாகக் காய்ச்சி இறுகிய இரும்புதான் முதலில் நொறுங்கும் என்று சொல்லியிருக்கிறான். அதே கருத்தை மரமாகவும், பாய்க்கயிற்றைத் தளர்த்தாமல் இழுத்துக் கட்டிப் படகைக் கவிழ்க்கும் மாலுமியாகவும் மகன் தகப்பனுக்கே திருப்பிக் கொடுக்கிறான். ஹேமன் அந்த முன்பேச்சைக் கேட்டவன் அல்ல, அவன் அப்போது மேடையில் இல்லை. நாம்தான் கேட்டோம்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை, தமிழில் படிக்கிறவர்களுக்கு மட்டும் உரியது. தமிழ் மொழிபெயர்ப்பில் ஹேமன் தகப்பனை முதலில் ‘நீங்கள்’ என்றும் கோபம் ஏறியபின் ‘நீ’ என்றும் பேசக்கூடும். நான் இதை வைத்து ஒரு முழுப் பந்தி எழுதினேன், இரண்டாவது பிரதி அதனால்தான் திரும்பி வந்தது. பண்டைய கிரேக்கத்தில் மரியாதைக்கென்று தனியாக ‘நீங்கள்’ கிடையாது. அந்த மாற்றம் மொழிபெயர்ப்பாளர் செய்தது, சோபோகிளீஸ் செய்தது அல்ல. அதற்குப் பதிலாக ‘அப்பா’ என்ற சொல்லைப் பின்தொடருங்கள். பேச்சின் தொடக்கத்தில் அந்தச் சொல்லை வைத்துத்தான் கூப்பிடுகிறான். கடைசியில் அதே சொல் எப்படி வருகிறது பாருங்கள்: ‘நீங்கள் என் அப்பாவாக இல்லாவிட்டால், உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லியிருப்பேன்.’ இந்த மாற்றம் மூலத்தில் இருப்பது. இதைத் தைரியமாக எழுதலாம்.

6. சாவுச் செய்தியில் அவன் பேசாமல் விட்டதைப் பாருங்கள்

தூதுவன் சொல்வதை நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். அடைக்கப்பட்ட குகைக்குள், மெல்லிய துணியில் சுருக்கிட்டுத் தொங்கிய அன்ரிகனியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து ஹேமன் புலம்பிக்கொண்டிருக்கிறான். கிரெயோன் உள்ளே வந்து மகனே என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறான். ஹேமன் முறைத்துப் பார்க்கிறான், முகத்தில் துப்புகிறான், பதில் ஒன்றும் சொல்லாமல் வாளை உருவுகிறான். ‘பதில் ஒன்றும் சொல்லாமல்’ என்பது நாடகத்திலேயே இருக்கும் சொல். அவ்வளவு நேர்த்தியாக நாற்பது வரி பேசத் தெரிந்த பிள்ளையிடம் கடைசியில் தகப்பனுக்குச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. பாத்திரத்தின் போக்கை இரண்டே புள்ளிகளில் காட்ட வேண்டுமென்றால், ‘அப்பா, நான் உங்களுடையவன்’ ஒன்று, இந்த மௌனம் மற்றது.

வாள் வீச்சுக்குத் தகப்பன் தப்பிவிடுகிறான். உடனே ஹேமன் ‘தன் மீதே கோபம் கொண்டு’ வாளில் சாய்கிறான் என்று தூதுவன் சொல்கிறான். தவறவிட்டதற்கான கோபமா, தகப்பன் மேல் கை ஓங்கியதற்கான கோபமா? நாடகம் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி, உங்களுக்கு எது படுகிறது, ஏன் படுகிறது என்று சொல்லுங்கள். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. அரிஸ்ரோட்டில் தன்னுடைய கவிதையியலில், அறிந்தே செய்யத் துணிந்து செய்யாமல் விடும் செயலுக்கு உதாரணமாக ஹேமனையும் கிரெயோனையும் சொல்லி, அது நல்ல அமைப்பு அல்ல என்கிறார். அவரோடு உடன்படாமலும் எழுதலாம், காரணம் சொன்னால் போதும்.

7. எங்கள் துக்கத்துக்குத் தனித் தாள் வையுங்கள்

அடக்கம் செய்யப்படாத உடலோடு தொடங்கும் நாடகம் இது. வன்னியில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் அந்த உடலிலேயே நின்றுவிடுவோம். 2009க்குப் பிறகு என் சித்தப்பாவுக்கு எந்தத் திதியில் அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் கிரியை) செய்வது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு முடிவில்லை. நாடகத்தை வாசித்த முதல் மூன்று நாளும் எனக்கு ஹேமன் கண்ணில் படவே இல்லை.

அப்படி வாசிப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்படையின் நடுவில் அது வந்தால் கேட்ட கேள்விக்குப் பதில் நழுவிப்போகும். என் முதல் பிரதியில் ஹேமனுக்குக் கிடைத்தது ஒரு பக்கம், எங்கள் கதைக்கு மூன்று பக்கம். தனித் தாளில் தேதி போட்டு எழுதிப் பைலின் பின்பக்கம் வையுங்கள். எழுதி முடித்த பிறகு, தேவையென்றால் முடிவுரைக்கு முன்னால் ஒரே ஒரு பந்தி: இங்கே இருந்து வாசிக்கும்போது தகப்பன் சொல்லும் சட்டம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று. எனக்கு நல்ல குறிப்பு வந்தது அந்த ஒரு பந்திக்குத்தான்.

8. நாளும் காசும்

மூன்று கிழமை போதும். முதல் கிழமை வாசிப்பும் தாள் பிரிப்பும். இரண்டாவது கிழமை இரண்டு நிரல் கொப்பியும் சத்தமான வாசிப்பும். மூன்றாவது கிழமை எழுத்து. காலபோக நெல் அறுவடை நேரத்தில் தொடங்காதீர்கள், வீட்டில் வாசிக்க ஆளும் கிடைக்காது, உங்களுக்கும் நேரம் இருக்காது.

எனக்குக் கடைசிப் பிரதிக்கு மட்டும் ஆன செலவு: 46 பக்கம் அச்செடுக்கப் பக்கத்துக்கு 20 ரூபாய்ப்படி 920, சீ.ஆர். கொப்பி 380, பஸ் 450, டேற்றா 150. மொத்தம் 1,900 ரூபாய். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். முழு நாடகத்தையும் அச்செடுக்காமல் அந்த நான்கு பகுதியை மட்டும் எடுத்தால் அச்சுச் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். ரியூட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒப்படையோடு சேர்த்துக் கட்ட வேண்டியவை: எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்ப்பு, எந்த ஆண்டு என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண் அல்ல, வரி எண். பக்க எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பெயர்களை ஒரே எழுத்தில் கடைசிவரை எழுதுங்கள். என்னுடைய இரண்டாவது பிரதியில் கிரெயோன், கிறியோன், கிரயான் என்று மூன்று பேர் இருந்தார்கள், அதற்கும் ஒரு புள்ளி போனது.

கையளிக்கும் முன் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். வாய்மொழித் தேர்வு வைத்தால் அந்தப் பிரதியிலிருந்துதான் கேட்பார்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஹேமனின் முதல் வசனம் என்ன என்பது.